கடல் கடக்கும் முன் கைக்கு வரவேண்டிய சாவி

பகாங் மாநிலத்தின் வடமேற்கு மூலையில், பேராக், கிளந்தான் ஆகிய இரு மாநிலங்களின் எல்லையைத் தொட்டுக்கொண்டிருக்கும் கேமரன் மலையில் 1929ஆம் ஆண்டு ஜே. ஏ. ரஸ்ஸல் தொடங்கிய போ தேயிலை நிறுவனமும், அதற்குச் சில ஆண்டுகள் கழித்து 1933இல் தொடங்கிய பாரத் தேயிலை நிறுவனமும் வேரூன்றி வளர்ந்ததற்கு, தமிழ்நாட்டு ஊர்களிலிருந்து கப்பலேறி வந்தவர்களின் உழைப்பு அடித்தளமாக அமைந்தது. அவர்களுடைய பேரப்பிள்ளைகளும் கொள்ளுப்பேரர்களும் இன்று ஹபு, ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங் என்று மலை நெடுகிலும், வேலை தேடி இறங்கிச் சென்ற ஈப்போவிலும் கோலாலம்பூரிலும் வாழ்கின்றனர். நேர்த்திக்கடன் செலுத்தப் பழனிக்கும் சபரிமலைக்கும், வேலைக்காகச் சிங்கப்பூருக்கும், படிப்புக்காக இன்னும் தொலைவிலுள்ள நாடுகளுக்கும் அவர்கள் போய்வருகின்றனர்.

இத்தகைய பயணத்துக்கான ஆயத்தம் என்றவுடன் கடப்பிதழ், விசா, விமான டிக்கெட், மாத்திரைகள், உறவினருக்கான தேயிலைப் பொட்டலங்கள் ஆகியவை நினைவுக்கு வருகின்றன. இவை அனைத்தும் முறையாகச் சரிபார்க்கப்படுகின்றன. ஆனால் பயணியின் பணமும் டிக்கெட்டும் விசாக் கடிதமும் தங்குமிட முன்பதிவும் உறவினர் எண்களும் கைப்பேசிக்குள் குடிபுகுந்துவிட்ட இக்காலத்தில், அவற்றின் கதவு வெளிநாட்டில் திறக்குமா என்பது பெரும்பாலும் ஊரிலேயே சோதித்துப் பார்க்கப்படுவதில்லை. அக்கதவைத் திறப்பது, அதாவது ஒரு வங்கிக்கோ மின்னஞ்சல் நிறுவனத்துக்கோ அரசுத் தளத்துக்கோ கணக்குக்கு உரியவர் தாமே என்று மெய்ப்பிப்பது, கணக்கு நுழைவு எனப்படும். இது கணினி அறிந்தோர் மட்டும் பேசவேண்டிய பொருளாகத் தோன்றலாம். கூர்ந்து நோக்கினால், சாவி யாருடைய கையில் இருக்கிறது என்ற பழைய கேள்வியே இதன் உள்ளே இருக்கிறது.

துண்டும் தகர வில்லையும்

ஒருவரின் அடையாளத்தை மெய்ப்பிக்கும் சீட்டு அவர் கையில் இல்லாமல் வேறொருவர் கையில் இருப்பது தோட்டத் தமிழர் வரலாற்றில் புதியதன்று. இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் ‘துண்டு’ என்று தமிழ்ப் பெயராலேயே ஆங்கில ஆவணங்களிலும் குறிக்கப்பட்ட ஒரு முறை இருந்தது. தொழிலாளியின் பேரிலுள்ள கடனைத் தீர்த்தால் அவரை விடுவிக்க இசைவதாகத் தோட்டத் துரை எழுதிக் கொடுக்கும் அச்சீட்டு, ஆள் சேர்த்து வந்த கங்காணியின் கையில் இருந்ததால், ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போகும் உரிமையும் கங்காணியின் கையிலேயே இருந்தது. 1921ஆம் ஆண்டுச் சட்டமே அதற்கு முடிவு கட்டியது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கு நடைமுறைக்கு வந்த தகர வில்லை இன்னொரு வகை. தோட்டத்தின் குறியும் எண்ணும் பொறித்த அந்தச் சிறு தகட்டைக் கயிற்றில் கோத்துக் கட்டிக்கொண்டவர், அந்தத் தோட்டத்தின் செலவில் வழியனுப்பப்பட்டார். வில்லை காட்டியது தோட்டத்தைத்தான். அதை அணிந்திருந்த மனிதர் யார் என்பதை அது சொல்லவில்லை.

மலாயாவுக்கு வந்தவர்களின் நிலையும் இதற்கு வெகு தொலைவில் இல்லை. உரிமம் பெற்ற கங்காணி தம் ஊருக்குச் சென்று ஆள் சேர்த்து, ஆவடி அல்லது நாகப்பட்டினம் முகாமின் வழியாகக் கப்பலேற்றினார். பினாங்கில் இறங்கியபின் தோட்டம் வரை வழி தெரிந்தவரும், பெயர்ப்பட்டியலை வைத்திருந்தவரும் அவரே. பயணச் செலவுக்கு உதவி பெற்றுத் தொழிலாளர் செல்வதை இந்திய அரசு 1938இல் தடை செய்ததோடு அந்த ஏற்பாடு ஓய்ந்தது. 1948இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்டபின் 12 வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவருக்கும் அடையாள அட்டை வழங்கப்பட்டது. சில்லு பதித்த கடப்பிதழை 1998இல் உலகிலேயே முதலில் வெளியிட்ட நாடு மலேசியா. 2001இல் மைகார்டு என்னும் சில்லு பதித்த அடையாள அட்டை வந்தது. அட்டையும் கடப்பிதழும் அவரவர் பெயரில், அவரவர் விரல்ரேகையோடு, அவரவர் பையில் இருக்கும் நிலை இவ்வாறு மெல்ல உருவாயிற்று.

ஆனால் இணையக் கணக்குகளைப் பொறுத்தவரை, அடையாளச் சீட்டு மீண்டும் பிறர் கைக்குப் போயிருப்பதைப் பல குடும்பங்களில் காணலாம். தாயின் வங்கிக் கணக்கோடு மகனின் கைப்பேசி எண் பதிவாகியிருக்கும். தந்தையின் மின்னஞ்சல் முகவரியைக் கைப்பேசி விற்ற கடைக்காரர் உருவாக்கித் தந்திருப்பார், அதன் கடவுச்சொல் கடைக்காரருக்கும் இப்போது நினைவிருக்காது. கையிலுள்ள சிம் கார்டு, கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய்விட்ட மகளின் பெயரில் இருக்கும். இவற்றில் எதுவும் கங்காணியின் ஆதிக்கத்தைப் போன்றதன்று. அப்பாவுக்குச் சிரமம் வேண்டாமே, அம்மாவுக்கு இதெல்லாம் எதற்கு என்ற பரிவினால் நேர்ந்த ஏற்பாடுகளே இவை. எல்லாரும் ஒரே மலையில், ஒரே வீட்டில் இருக்கும்வரை இந்த ஏற்பாடு குறையின்றி நடக்கிறது. குடும்பத்தில் ஒருவர் திருச்சி விமான நிலையத்தில் இறங்கும்போதுதான், சாவி தம்மிடம் இல்லை என்பது அவருக்குத் தெரியவருகிறது.

மௌனமாகிவிடும் எண்

கணக்கு நுழைவின் மிகப் பழைய கருவி கடவுச்சொல். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஒரே கணினியைப் பலர் பகிர்ந்துகொண்டபோது, அவரவர் கோப்புகளைப் பிரித்துக் காக்கப் பெர்னாண்டோ கார்பட்டோவின் குழு அதனைப் பயன்படுத்தியது. கடவுச்சொல்லைத் திருடுவதும் ஊகிப்பதும் எளிதானபோது, அதற்குத் துணையாக இரண்டாவது சான்று ஒன்று கேட்கும் வழக்கம் வந்தது. ஒருவருக்குத் தெரிந்த ஒன்றோடு அவரிடம் இருக்கும் ஒன்றையும் சேர்த்துக் கேட்பதால் இது இரண்டடுக்குச் சரிபார்ப்பு எனப்படுகிறது. அந்த இரண்டாவது சான்றாக உலகெங்கும் பரவியது, குறுஞ்செய்தியில் வரும் ஒருமுறை எண். இந்தியாவில் இது ஓடிபி என்றும், மலேசிய வங்கிகளில் நெடுங்காலம் டேக் எண் என்றும் வழங்கிவந்தது.

கேமரன் மலையில் இருக்கும்வரை இந்த எண் சில நொடிகளில் வந்துவிடுகிறது. கடல் கடந்தபின் அதன் வருகை பல கண்ணிகளைப் பொறுத்தது. உள்நாட்டு நிறுவனமும் வெளிநாட்டு நிறுவனமும் ரோமிங் உடன்பாடு வைத்திருக்க வேண்டும். அந்தச் சேவை புறப்படும் முன்பே இயக்கப்பட்டிருக்க வேண்டும். முன்கட்டணச் சிம்மில் செல்லுபடிக் காலம் தீராதிருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, சிம் கைப்பேசிக்குள் இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்ன இதுவே அதிகம் தவறுகிறது. விமான நிலையத்தில் உள்ளூர்ச் சிம் வாங்கியதும், விற்பவர் தம் ஊசியால் பழைய சிம்மை வெளியே எடுத்து ஒரு தாளில் மடித்துக் கொடுக்கிறார்; விரல்நகத்தை விடச் சிறிய அந்தத் துண்டு பணப்பையின் மடிப்பில் போய், பிறகு எங்கே என்று தெரியாமல் போகிறது. வாழ்நாள் சேமிப்பைத் திறக்கும் சாவி அதுதான் என்ற நினைப்பு அந்நேரத்தில் யாருக்கும் வருவதில்லை. இரண்டு சிம் இடமுள்ள கைப்பேசியில் பழைய எண்ணை அதன் இடத்திலேயே விட்டு, அதன் தரவுச் சேவையை மட்டும் நிறுத்திவிட்டு, உள்ளூர்ச் சிம்மை இரண்டாம் இடத்தில் போடுவதோ, உள்ளூர் இணைப்பை இசிம்மாக வாங்குவதோ இந்த இடரைத் தவிர்க்கும். நீண்டகாலம் வெளிநாட்டில் தங்குவோருக்கு இதுவும் போதாது. காலம் தீர்ந்த முன்கட்டண எண்ணை நிறுவனம் இன்னொருவருக்கு வழங்கிவிடக்கூடும், அப்போது பழைய உரிமையாளரின் ஒருமுறை எண்கள் முன்பின் அறியாதவரின் கைப்பேசியில் ஒலிக்கும்.

குறுஞ்செய்தியின் பலவீனம் பயணிகளுக்கு மட்டும் உரியதன்று. சிம்மை மோசடியாக மாற்றி வாங்கியும், கைப்பேசியில் கள்ளச் செயலியைப் புகுத்தியும் அந்த எண்ணைக் கவர்வது மலேசியாவில் பெருகியபின், 2022 செப்டம்பரில் நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா மலேசியா ஐந்து நடவடிக்கைகளை அறிவித்தது. வங்கிகள் குறுஞ்செய்தி எண்ணைக் கைவிட்டு அதைவிடப் பாதுகாப்பான முறைக்கு மாற வேண்டும் என்பது அவற்றில் முதன்மையானது. ஒருவரின் ஒப்புதல் வழங்கும் கருவி ஒரே ஒரு கைப்பேசியாக இருக்க வேண்டும், புதிய கைப்பேசியைப் பதிவு செய்தால் குறிப்பிட்ட நேரம் காத்திருந்த பிறகே அது இயங்க வேண்டும் என்பன பயணிகளை நேரடியாகத் தொடுபவை. இதன் விளைவாக இன்று மலேசிய வங்கி வாடிக்கையாளர் பலருக்குச் சாவி என்பது எண்ணிலிருந்து கைப்பேசிக்கு நகர்ந்திருக்கிறது. வங்கிச் செயலியிலேயே ஒப்புதல் பொத்தானை அழுத்தி முடிக்கிறார்கள்.

இம்மாற்றம் வரவேற்கத்தக்கது; ஆனால் பயணத்துக்கு முந்தைய வாரத்தின் ஒழுங்கை அது மாற்றிவிட்டது என்பதையும் உணர வேண்டும். ஊருக்குப் போகும் முன் புதுக் கைப்பேசி வாங்கிக்கொண்டு, பழையதைத் தமிழ்நாட்டிலுள்ள சித்தப்பா மகனுக்குக் கொடுக்கக் கொண்டுபோவது பல குடும்பங்களின் வழக்கம். விமானமேறும் நாளுக்கு முதல்நாள் இதைச் செய்தால், காத்திருப்பு நேரம் முடியும் முன்பே பயணி வானில் இருக்கக்கூடும். ஊர் போய்ச் சேர்ந்தபின் பதிவு செய்யலாம் என்று விட்டுவைத்தால், சில வங்கிகளில் அதற்கென ஏடிஎம் இயந்திரத்துக்கோ கிளைக்கோ நேரில் போகவேண்டி வரும், அந்தக் கிளையோ கடலுக்கு இப்பால் இருக்கும். கைப்பேசி மாற்றுவதாக இருந்தால் இரண்டு வாரம் முன்பே மாற்றிப் பதிவு செய்து, சிறு தொகை ஒன்றை அனுப்பிப் பார்த்துவிட்டு, பழையதை முழுவதும் அழித்தபின் எடுத்துச் செல்வதே தக்க வழி. வெளிநாட்டில் இயங்குவதற்கான இசைவை வங்கி அட்டைக்கு முன்கூட்டியே தரவேண்டும் என்பதும் இதோடு சேர்ந்த கடமை; மலேசிய வங்கிகள் பலவற்றிலும் இந்திய வங்கிகளிலும் வாடிக்கையாளர் இயக்காதவரை அந்த வசதி மூடியே இருக்கும்.

இங்கே இன்னொரு வழக்கத்தை நிறுத்திப் பார்க்க வேண்டியிருக்கிறது. பயணம் போகிறவர் தம் சிம்மை வீட்டில் தாயிடமோ தந்தையிடமோ விட்டுச் சென்று, எண் வந்ததும் தொலைபேசியில் கேட்டு வாங்கிக்கொள்வது மிகச் சிக்கனமான உபாயமாகக் கருதப்படுகிறது. “அம்மா, ஒரு நம்பர் வந்திருக்கும், படிச்சுச் சொல்லுங்க” என்று மகன் கேட்க, தாய் மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்து ஆறு இலக்கத்தையும் ஒவ்வொன்றாக வாசிக்கிறார். அதில் மகனுக்குக் கிடைக்கும் வசதி சிறிது. தாய்க்கு ஏற்படும் பழக்கம் பெரியது. ஒருவர் அழைத்து அவசரமாகக் கேட்டால் அந்த எண்ணைச் சொல்ல வேண்டும் என்று அவருக்குக் கற்றுத்தரப்பட்டுவிட்டது. மோசடிக்காரர் பின்னொரு நாள் அழைத்துக் கேட்பதும் இதையேதான். யாரிடமும் இந்த எண்ணைச் சொல்லாதீர்கள் என்று வங்கிகள் ஓயாமல் அறிவிப்பதை வீட்டுக்குள்ளேயே அன்றாடம் மீறிப் பழக்கும் இந்த வழி, எத்தனை வெள்ளி மிச்சப்படுத்தினாலும் கைவிடத்தக்கது.

சிக்னல் இல்லாத சரிவில் ஆறு இலக்கம்

கைப்பேசி எண்ணை நம்பாமல் இரண்டாவது சான்றைப் பெறும் வழிகளில் எளியது, சரிபார்ப்புச் செயலி. கூகுள், மைக்ரோசாஃப்ட் போன்ற நிறுவனங்கள் இதை இலவசமாக வழங்குகின்றன. இதன் உள்வேலையைப் புரிந்துகொண்டால் பயணிக்கு இது ஏன் உகந்தது என்பது தானே விளங்கும். செயலியை ஒரு கணக்கோடு இணைக்கும் நாளில், கட்டம் கட்டமான கியூஆர் படம் ஒன்று திரையில் தோன்றுகிறது. அதற்குள் ஒரு நீண்ட இரகசிய எண் இருக்கிறது. அதைக் கைப்பேசி படித்துச் சேமித்துக்கொள்கிறது; அதே இரகசியம் நிறுவனத்தின் கணினியிலும் இருக்கிறது. அதன்பின் இருபுறமும், அந்த இரகசியத்தையும் அப்போதைய நேரத்தையும் ஒரே கணக்கு முறையில் கலந்து ஆறு இலக்கம் ஒன்றை 30 நொடிக்கு ஒருமுறை தனித்தனியே கணித்துக்கொள்கின்றன. இருவர் விடையும் ஒன்றாக இருந்தால் கதவு திறக்கிறது. 2011இல் பொதுத் தரமாக வெளியிடப்பட்ட இம்முறையில், எண் எங்கிருந்தும் அனுப்பப்படுவதில்லை என்பதால் அது வழியில் தொலைவதற்கும் இடமில்லை.

சுங்கை பாலாஸ் போன்ற மலைச்சரிவுகளில், வளைந்து வளைந்து இறங்கும் குறுகிய சாலையில் ஒரு திருப்பத்தில் சிக்னல் இருக்கும், அடுத்த திருப்பத்தில் இருக்காது. சிம்மே இல்லாமல், விமானப் பயண நிலையில் போட்டுவைத்த கைப்பேசியை அத்தகைய சரிவில் தேயிலைச் செடிகளுக்கு நடுவே திறந்து பார்த்தாலும், சரிபார்ப்புச் செயலியில் ஆறு இலக்கம் மாறிக்கொண்டேயிருக்கும். அதன் பக்கத்திலுள்ள சிறு வட்டம் தேய்ந்து தேய்ந்து மறைய, புதிய ஆறு இலக்கம் எழும். கோபுரமும் ரோமிங்கும் இல்லாமல் எண் பிறக்கிறது என்பதை வயதானவர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பதைவிட, இப்படி ஒருமுறை காட்டிவிடுவது எளிது.

இந்த முறையின் உயிர் நேரத்தில் இருக்கிறது என்பதால், பயணிகள் அறியாமல் செய்யும் ஒரு பிழை அதை முடக்கிவிடும். மலேசிய நேரம் இந்திய நேரத்தைவிட இரண்டரை மணி முன்னே இருக்கிறது. நேர வலயத்தை மாற்றாமல், கைக்கடிகாரத்தைத் திருப்புவதுபோல் கைப்பேசியின் கடிகாரத்தை மட்டும் இரண்டரை மணி பின்னே திருப்பிவைத்தால், உலகப் பொது நேரத்தைப் பற்றிய கைப்பேசியின் கணக்கே இரண்டரை மணி தவறிவிடும். செயலி காட்டும் ஒவ்வோர் எண்ணும் பிழையாகும். நேரத்தையும் நேர வலயத்தையும் தானே அமைத்துக்கொள்ளுமாறு கைப்பேசியை விட்டுவிட்டால் இச்சிக்கல் எழாது.

கைப்பேசியே தொலைந்தால் இரகசியமும் தொலைந்துபோகும் என்பது இதன் குறை. கியூஆர் படம் திரையில் இருக்கும்போதே வீட்டிலிருக்கும் இரண்டாவது கருவியிலும் அதைப் படித்துச் சேமிப்பது அதற்கு ஒரு மாற்று. காப்பு எண்களைத் தாளில் எழுதிவைப்பது மற்றொன்று. காப்பு எண் என்பது, வேறு வழிகள் அடைபட்டபோது ஒருமுறை மட்டும் பயன்படும்படி முன்கூட்டியே தரப்படும் எண்; கூகுள் கணக்கு ஒருமுறைக்குப் பத்து எண்கள் தருகிறது, ஒவ்வொன்றும் எட்டு இலக்கம். இவை தோன்றும் திரையைப் படமெடுத்து அதே கைப்பேசியில் வைத்திருப்பது, வீட்டுச் சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டுவதற்குச் சமம். தாளில் எழுதி, எந்தக் கணக்குக்கு உரியது என்ற பெயரைக் குறிக்காமல், கைப்பேசி இருக்கும் பையில் அல்லாமல் கடப்பிதழ் இருக்கும் பையில் ஒரு படியும், வீட்டு இரும்புப் பெட்டியில் ஒரு படியும் வைப்பது போதும். பழைய முறையாகத் தோன்றினாலும், மின்கலமும் கோபுரமும் வேண்டாத சாவி இது ஒன்றே.

தேய்ந்த ரேகையும் பாஸ்கீயும்

அண்மைக் காலத்தில் கடவுச்சொல்லையே தேவையற்றதாக்கும் பாஸ்கீ என்னும் முறை பரவிவருகிறது. ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட் ஆகிய மூன்று நிறுவனங்களும் 2022 மே மாதத்தில் இதற்கு ஒன்றாக ஆதரவு அறிவித்தன. ஒரு கணக்குக்கெனக் கைப்பேசி இரண்டு எண்சாவிகளை உருவாக்குகிறது. ஒன்று கைப்பேசிக்குள் மறைவாகத் தங்குகிறது, அதற்கு இணையானது நிறுவனத்திடம் போகிறது. நுழையும்போது நிறுவனம் ஒரு புதிரை அனுப்ப, மறைசாவி அதற்குக் கையொப்பமிட்டுத் திருப்புகிறது. கையொப்பம் சரியா என்பதை இணைசாவி சொல்லிவிடும். மறைசாவி எந்தத் தளத்துக்காக உருவாக்கப்பட்டதோ அந்தத் தளத்துக்கு மட்டுமே கையொப்பமிடும். அச்சு அசலாக வங்கித் தளம் போலவே தோன்றும் போலித் தளத்தில் மனிதக் கண் ஏமாறலாம், பாஸ்கீ ஏமாறாது. தொலைபேசியில் வாசித்துக் காட்டுவதற்கும் அதில் எண் ஏதுமில்லை. மேலே கூறிய தாயின் பழக்கத்துக்கு இதுவே உண்மையான மருந்து.

மறைசாவியைக் கையொப்பமிடச் செய்ய, கைப்பேசி உரியவரின் விரலையோ முகத்தையோ திரைப்பூட்டு எண்ணையோ கேட்கும். தோட்டத்தில் காலமெல்லாம் உழைத்த பெரியவர்களைப் பொறுத்தவரை இங்கே தனிக் கவனம் வேண்டும். கொழுந்து பறித்தும், கத்தரி பிடித்தும், உரம் அள்ளியும், வீட்டில் துலக்கியும் துவைத்தும் பழகிய விரல்களில் ரேகை தேய்ந்திருக்கும். உடலுழைப்பாளர்களின் விரலை ரேகை படிக்கும் கருவிகள் ஏற்க மறுப்பது இந்தியாவில் ஆதார் சரிபார்ப்பிலும் கண்டறியப்பட்ட சிக்கல். பிரிஞ்சாங்கின் குளிரில் ஒருவாறு ஒத்துழைத்த விரல், மதுரை வெயிலில் வியர்த்து ஈரமானபோது மறுக்கப்படலாம், நேர்மாறாகவும் நடக்கலாம். ஆகவே வலக்கைப் பெருவிரலோடு நிறுத்தாமல், வேலையில் குறைவாகத் தேயும் மோதிரவிரலையும் இடக்கை விரல் ஒன்றையும் பதிவு செய்வதும், திரைப்பூட்டு எண்ணை அவரே தேர்ந்தெடுத்து அவரே பலமுறை அழுத்திப் பழகுவதும் பயணத்துக்கு முன் முடிக்க வேண்டியவை. அந்த எண் பேரனுக்கு மட்டும் தெரிந்திருந்தால், சாவி மீண்டும் கங்காணி கைக்குப் போய்விட்டது என்றே பொருள்.

தாய்க் கணக்கு

மற்றக் கணக்குகளின் கடவுச்சொல்லை மீட்கும் கடிதம் மின்னஞ்சலுக்கே வருகிறது. பாஸ்கீகளும் பெரும்பாலும் கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கிலேயே சேமிக்கப்படுகின்றன. எனவே அந்தக் கணக்கைத் தாய்க் கணக்கு என்று கொள்வது பொருந்தும். அதன் கடவுச்சொல் மறந்திருந்தால், மறந்திருப்பதை அறியவேண்டிய இடம் வீடே. கணக்கை மீட்கக் கோருவோர் வழக்கமாகப் பயன்படுத்தும் கருவியிலிருந்தும் வழக்கமான இடத்திலிருந்தும் முயலவேண்டும் என்று கூகுளே அறிவுறுத்துகிறது. அறிமுகமான கைப்பேசி, அறிமுகமான இணைப்பு, அறிமுகமான ஊர் ஆகியவை உரிமைக்குச் சாட்சி சொல்கின்றன. ஒரு புதிய நாட்டிலிருந்து, புதிய சிம்மில், இரவல் கைப்பேசியில் முயல்பவருக்கு இந்தச் சாட்சிகள் ஒன்றும் துணைவருவதில்லை. மீட்பு எண்ணாக யாருடைய எண் பதிவாகியிருக்கிறது, மீட்பு மின்னஞ்சல் யாருடையது என்பதை ஒருமுறை திறந்து பார்ப்பது பத்து நிமிட வேலை. கடைக்காரர் உருவாக்கிய முகவரிகளில் அங்கே அறியாத பெயர்கள் வெளிப்படுவதும் உண்டு.

வாட்ஸ்அப் பற்றி ஒரு குறிப்பு. வெளிநாட்டுச் சிம் போட்டாலும் பழைய எண்ணிலேயே அது தொடர்ந்து இயங்கும். எண்ணை மாற்றவா என்று அது கேட்கும்போது வேண்டாம் என்று சொல்லிவிட்டால் போதும். அதை அழித்து மீண்டும் நிறுவினால்தான் பழைய எண்ணுக்குக் குறுஞ்செய்தி தேடவேண்டி வரும். ஆறு இலக்க இரண்டடுக்குப் பூட்டை அதற்கும் போட்டு, மின்னஞ்சலையும் இணைத்துவைப்பது நல்லது.

எதிர்த்திசைப் பயணிகள்

2023 டிசம்பர் 1 முதல் இந்தியக் குடிமக்கள் 30 நாள் வரை விசா இன்றி மலேசியாவுக்கு வரலாம் என்றானபின், தமிழ்நாட்டிலிருந்து கேமரன் மலைக்கு வருவோருக்கு வழி எளிதாயிற்று. தாப்பாவிலிருந்து வளைந்தேறும் பழைய சாலையிலோ சிம்பாங் பூலாயிலிருந்து கம்போங் ராஜா வழியாக வரும் சாலையிலோ மலையேறி, தோட்டத்தின் தேநீர்க் கடையில் அமர்ந்து வங்கிச் செயலியைத் திறக்கும்போது அவர்களுக்கும் இதே சிக்கல் காத்திருக்கிறது. இந்தியாவின் யுபிஐ பணப்பரிமாற்றச் செயலிகள், பதிவான எண்ணிலிருந்தே ஒரு குறுஞ்செய்தியை அனுப்பச் செய்து, அந்தச் சிம்மும் அந்தக் கைப்பேசியும் ஒன்றாக இருப்பதை உறுதிசெய்து பிணைத்துக்கொள்கின்றன. புறப்படுவதற்கு முன் பிணைத்த கைப்பேசியைப் பயணத்தின் நடுவில் மாற்றினால், இந்தியச் சிம் ரோமிங்கில் செய்தி அனுப்பும் நிலையில் இல்லாதவரை பிணைப்பு மீளாது. இந்திய ரிசர்வ் வங்கி 2025 செப்டம்பரில் வெளியிட்ட நெறிமுறைகள் குறுஞ்செய்தி எண்ணுக்கு அப்பாலான சரிபார்ப்பு வழிகளுக்குக் கதவைத் திறந்திருக்கின்றன. அவற்றை வழங்கும் வங்கியின் வாடிக்கையாளர் ஊரிலிருக்கும்போதே மாறிக்கொள்வது நலம்.

போலித் தளங்களின் வலையும் இருபுறமும் விரிந்திருக்கிறது. மலேசியாவுக்குள் வரும் வெளிநாட்டவர் பெரும்பாலோர் வருகைக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்பவேண்டிய மின்வருகை அட்டைக்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் அரசுடையதன்று. இந்திய மின்விசாவின் பெயரிலும் போலித் தளங்கள் நடப்பதாக அந்த அரசுத் தளமே எச்சரிக்கிறது. கடப்பிதழ் எண்ணையும் மின்னஞ்சலையும் அங்கே கொடுத்தவர், விசா கிடைக்கும் முன்பே தம் அடையாளத்தைப் பிறர் கையில் ஒப்படைத்திருப்பார்.

இன்று கேமரன் மலையின் தோட்டங்களிலும் காய்கறிப் பண்ணைகளிலும் வங்கதேசம், நேபாளம், இந்தோனேசியா ஆகிய நாடுகளிலிருந்து வந்தவர்கள் பெருமளவில் உழைக்கின்றனர். தமிழர்கள் நூறாண்டுக்கு முன் இருந்த இடத்தில் இப்போது அவர்கள் இருக்கின்றனர். தாய்நாட்டில் விட்டுவந்த எண் காலாவதியாகி, அதோடு அங்குள்ள கணக்கும் மூடிக்கொள்ளும் துயரம் அவர்களுக்கும் நேரக்கூடியதே. பக்கத்து லயத்தில் இருப்பவருக்குச் செயலியை நிறுவிக்கொடுத்து, கடவுச்சொல்லை அவரையே தட்டச்சு செய்யச் சொல்லித் திரும்பி நிற்கும் ஒருவர், அவருக்குச் செய்யும் உதவி சிறிதன்று.

சிம்மைக் கழற்றிவிட்டு ஒரு மாலை

ஆயத்தம் முழுமையாயிற்றா என்பதைப் பட்டியல் பார்த்து அறியமுடியாது. ஒத்திகை பார்த்தே அறியவேண்டும். புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்னதாக ஒரு மாலையில், பயணம் செய்பவரின் கைப்பேசியிலிருந்து சிம்மைக் கழற்றித் தீப்பெட்டி ஒன்றில் போட்டு மூடிவிட்டு, வைஃபை இணைப்பு மட்டும் இருக்கும் நிலையில் அவர் தம் மின்னஞ்சலுக்கும் வங்கிக்கும் விமான நிறுவனத்துக்கும் ஒவ்வொன்றாக வெளியேறி மீண்டும் நுழைந்து பார்க்க வேண்டும். மகனோ மகளோ அருகில் இருக்கலாம், கைப்பேசியைத் தொடக்கூடாது. காப்பு எண்களில் ஒன்றைச் செலவழித்து, அது உண்மையில் கதவைத் திறக்கிறதா என்றும் பார்க்கலாம்.

அதே மாலையில் ஒரு சிறு தாளும் தயாராகட்டும். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் 997 என்ற எண் மலேசியரின் நாவில் பதிந்துவருகிறது. ஆனால் அத்தகைய குறுகிய எண்கள் உள்நாட்டுக்கு உரியவை, மதுரையிலிருந்து அழுத்தினால் அங்கே போய்ச் சேராது. ஆகவே வங்கியின் 24 மணிநேர அவசர எண்ணை, 60 என்னும் நாட்டுக் குறியீட்டோடு முழுமையாக எழுதிக்கொள்ள வேண்டும். கைப்பேசி நிறுவனத்தின் எண்ணையும் அவ்வாறே எழுதலாம். கைப்பேசி களவுபோனால் எந்தச் சட்டைப் பையிலிருந்து அந்தத் தாளை எடுக்கவேண்டும் என்பதைப் பயணம் செய்பவரே சொல்லிக்காட்ட வேண்டும்.

ஒத்திகையில் ஏதேனும் ஒரு கதவு திறக்க மறுக்கும். பழைய எண்ணொன்று பதிவாகியிருப்பது அப்போது தெரியவரும், அல்லது விரல் மூன்று முறை மறுக்கப்பட்டிருக்கும், அல்லது கடவுச்சொல் எழுதிய தாள் முந்தைய வீட்டிலேயே தங்கியிருக்கும். தீப்பெட்டியிலிருந்து சிம்மை எடுத்து மீண்டும் உள்ளே போட்டுவிடலாம். விமானத்துக்கு இன்னும் ஏழு நாள் இருக்கிறது, தானா ராத்தாவிலுள்ள வங்கிக் கிளை மறுநாள் காலை திறக்கும், அங்கே தம் மைகார்டை நீட்டித் தம் பெயரில் தம் எண்ணைப் பதிவு செய்துகொள்ள அவருக்கு நேரமும் இருக்கிறது.